சிறுகுடல் 6 மீட்டர், பெருங்குடல் ஒன்றரை மீட்டர்... அப்புறம் எதுக்கு அதுக்கு "சிறு"ன்னு பேரு?

திண்டுக்கல்_செந்தில்:
பொண்ணு ஏழாவது படிக்கிறா, நாளைக்கு சயின்ஸ் சார்ட் கொண்டு போகணுமாம், அதை நைட்டு எட்டு மணிக்கு சொல்றா. சரின்னு உக்காந்து வரைய ஆரம்பிச்சோம், வாய், உணவுக்குழல், இரைப்பை எல்லாம் வந்துச்சு, அப்ப கேட்டா பாருங்க, "அப்பா சிறுகுடல்தான நீளம், அப்ப அதுக்குத்தான பெருங்குடல்னு வச்சிருக்கணும்?" எனக்கு பதில் தெரியல, "மிஸ்கிட்ட கேளு"ன்னு தப்பிச்சுட்டேன். இன்னொண்ணு, சாப்பாடு கல்லீரலுக்குள்ள போயிட்டு வர்ற மாதிரி குழாயை இழுத்து வச்சிருக்கா, அது சரியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, சார்ட் காலைல 8 மணிக்கு போகணும்.

குமார்77:
பேரு நீளத்தை வச்சு இல்லங்க, அகலத்தை வச்சு. சிறுகுடல் குறுக்கால ரெண்டரை செ.மீ. இருக்கும், பெருங்குடல் ஆரம்பிக்கிற இடத்துல அதைப்போல ரெண்டு மூணு மடங்கு. அவ்ளோதான் மேட்டர்.

தியேட்டர்_சிஸ்டர்:
குமார் சொன்னது சரி. நான் ஆபரேஷன் தியேட்டர்ல 11 வருஷமா இருக்கேன், அதனால கொஞ்சம் சேத்து சொல்றேன். முதல்ல அந்த கல்லீரல் கோட்டை அழிக்க சொல்லுங்க தம்பி. சாப்பாடு கல்லீரலுக்கும் போகாது கணையத்துக்கும் போகாது, அது ரெண்டும் பக்கத்து வீடு மாதிரி. கல்லீரல்ல ஊறுற பித்தநீர் பித்தப்பைல சேந்து, அங்கருந்து சின்ன குழாய் வழியா சிறுகுடலோட முதல் பகுதிக்கு வந்து விழும், கணையநீரும் அங்கதான் வரும். எண்ணெய் பலகாரத்தை எல்லாம் கரைக்கிற வேலை அங்கதான் நடக்குது.

அப்புறம் அந்த 6 மீட்டர்ங்கறது இறந்தவங்க உடம்புல அளந்த கணக்கு. உயிரோட இருக்கும்போது தசை இறுகி இருக்கறதால அதுல பாதி நீளம்தான் வரும், ஆளுக்கு ஆள் மாறும். நான் முத தடவை பாத்தப்ப அசந்துபோனது நீளத்தைப் பாத்து இல்ல, அது அடங்கியிருக்கற விதத்தைப் பாத்து. சேலைக் கொசுவம் இருக்குல்ல, இடுப்புல ஒரு பிடிக்குள்ள அடங்கி கீழ விசிறி மாதிரி விரியும்ல, அதே மாதிரி ஒரு சவ்வு. முதுகுப்பக்கம் அது ஒட்டியிருக்கற இடம் 15 செ.மீ. தான், ஒரு சாண்கூட வராது. அதோட மறு ஓரத்துலதான் சிறுகுடல்ல முதல் பகுதி போக மிச்சம் பூரா தொங்குது. ரத்தக்குழாய் எல்லாம் அந்த சவ்வு வழியாத்தான் வரும், அதனாலதான் குடல் முறுக்கிக்கிச்சுன்னா அவ்ளோ ஆபத்து, ரத்தமே போகாது.

கறிக்கடை_பாய்:
சிஸ்டர் சொல்ற சவ்வு ஆட்டுக்கும் அப்படியேதான் இருக்கு. அந்த சவ்வை கிழிச்சு விட்டாத்தான் குடல் நீளமா உருவிட்டு வரும், இல்லன்னா சுருள் சுருளாவே நிக்கும். சின்ன ஆடுதான், ஆனா உருவுனா 20 மீட்டருக்கு மேல வரும். புல்லு திங்கிற ஜீவன், சத்து எடுக்க அவ்ளோ தூரம் வேணும். வயிறும் நாலு அறை, ஒண்ணு துண்டு மாதிரி சொரசொரன்னு, ஒண்ணு தேன்கூடு மாதிரி, குடல் குழம்பு வைக்கிறவங்களுக்கு தெரியும். நமக்கு ஒத்தை அறைதான். பாப்பாவை ஞாயித்துக்கிழமை கடைக்கு கூட்டிட்டு வாங்க காட்டுறேன் 😄

ராஜி_கோவை:
சிறுகுடலை விரிச்சா டென்னிஸ் கோர்ட் அளவு வரும்னு எங்க மிஸ் சொல்லிக் குடுத்தாங்க, அதையும் சார்ட்ல எழுதுங்க

தியேட்டர்_சிஸ்டர்:
எழுதாதீங்க, அது பழைய கணக்கு. 2014ல ஸ்வீடன்காரங்க நுணுக்கமா அளந்து பாத்துட்டு, மொத்த குடலோட உள்பரப்பும் 30 சதுர மீட்டர் சில்லறைதான்னு சொல்லிட்டாங்க, பாதி ஷட்டில் கோர்ட் கிட்ட. குடலுறிஞ்சிகள்னு விரல் விரலா நீட்டிட்டு இருக்கறதாலதான் அதுவே வருது. சாப்பாட்டு சத்து பெரும்பாலும் அங்கதான் ரத்தத்துல சேருது, பெருங்குடலுக்கு முக்கியமா மிச்ச தண்ணியை இழுக்கற வேலை. இரைப்பையை முழுசா எடுத்தவங்க கூட கொஞ்சம் கொஞ்சமா சாப்ட்டு, பி12 ஊசி போட்டுட்டு நல்லா இருக்காங்க, சிறுகுடலை முழுசா எடுத்தா வாய் வழியா சாப்ட்டு உயிர் வாழ முடியாது.

திண்டுக்கல்_செந்தில்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கல்லீரல் கோட்டை ஒயிட்னர் வச்சு அழிச்சாச்சு, கொசுவம் கதையை அவங்கம்மா சேலையிலயே காட்டி புரிய வச்சாச்சு. இப்ப புதுசா ஒண்ணு கேக்குறா, "சாப்ட்டதும் பாத்ரூம் வருதே, அப்ப இப்ப சாப்ட்ட தோசையா அது?"

குமார்77:
அது நேத்து தோசைங்க. இரைப்பை நிறைஞ்சதும் பெருங்குடலுக்கு "இடத்தை காலி பண்ணு"ன்னு சிக்னல் போகும். இன்னைக்கு தோசை இரைப்பையை தாண்டவே மூணு நாலு மணி நேரம் ஆகும், பாப்பாவை தூங்க சொல்லுங்க