பின்கதவுக் கண்ணாடியை மாத இறுதி வரை தள்ளிப்போட வேண்டாம்

குடும்பக் குழு, வெள்ளிக்கிழமை

அக்கா (காலை 7:10): அனைவருக்கும் வணக்கம். நேற்று மாலை எங்கள் காரின் இடப்பக்கப் பின்கதவுக் கண்ணாடி நொறுங்கிவிட்டது. அருகில் புல் வெட்டிக்கொண்டிருந்த இயந்திரத்திலிருந்து கல் ஒன்று தெறித்து வந்து பட்டது. புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். ஆனாலும் ஒரே நொடியில் கண்ணாடி முழுவதும் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. இருக்கையெல்லாம் கண்ணாடித் துகள்.

அம்மா (காலை 7:13): குழந்தை அப்போது காருக்குள் இருந்தானா? முதலில் அதைச் சொல்.

அக்கா (காலை 7:14): இல்லை அம்மா. காரில் யாருமே இல்லை. பயப்பட வேண்டாம்.

அத்தான் (காலை 7:31): இரவு மழை வரும்போல் இருந்ததால் பிளாஸ்டிக் தாளை டேப் போட்டு ஒட்டிவிட்டேன். உடைந்தது பின்கதவுக் கண்ணாடி என்பதால் ஓட்டுபவருக்குத் தொந்தரவு இல்லை. மாத இறுதியில் எப்படியும் சர்வீஸுக்கு விடப்போகிறோம். அப்போதே சேர்த்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

பெரியப்பா (காலை 7:48): என் காரின் முன்கண்ணாடியில் சிறிய விரிசல் விழுந்தபோது பசையைச் செலுத்தியே சரிசெய்து கொடுத்தார்கள். இதற்கும் அப்படி ஏதாவது வழி இருக்குமா? இல்லையென்றால் அக்ரிலிக் தகடு ஒன்றை அளவாக வெட்டிப் பொருத்தினாலும் போதுமே.

மாமா (காலை 8:05): அண்ணா, இரண்டுமே முடியாது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன். முன்கண்ணாடி லேமினேட்டட் வகை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று ஒட்டியிருக்கும். கல் பட்டால் பெரும்பாலும் வெளித்தகட்டில்தான் விரிசல் விழும். கண்ணாடி இருந்த இடத்திலேயே நிற்கும் என்பதால் அந்த விரிசலுக்குள் பசையைச் செலுத்த முடிகிறது. கதவுக் கண்ணாடி பெரும்பாலான கார்களில் டெம்பர்ட் வகை. அதை 600 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றைப் பீய்ச்சி விரைவாகக் குளிர வைப்பார்கள். வெளிப்பரப்பு முதலில் இறுகிவிடும். பிறகு உட்பகுதி குளிர்ந்து சுருங்கும்போது வெளிப்பரப்பை உள்நோக்கி இழுத்துப் பிடிக்கும். அந்த இறுக்கத்தால்தான் சாதாரணக் கண்ணாடியைவிட அதற்குப் பல மடங்கு வலிமை. ஆனால் ஓரிடத்தில் அந்த மேற்பரப்பு ஊடுருவப்பட்டால், உள்ளே அடைபட்டிருந்த விசை முழுவதும் ஒரே நேரத்தில் விடுபட்டு, மொத்தக் கண்ணாடியும் சிறு சிறு கட்டிகளாகிவிடும். நீளமான கூரிய துண்டுகள் பயணிகளைக் குத்திக் கிழிக்கக் கூடாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். எனவே பழுது பார்க்க அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது. அக்ரிலிக் தகடு எளிதில் கீறல் விழுந்து மங்கிவிடும். கதவின் ரப்பர் தடத்தில் ஒழுங்காக ஏறி இறங்கவும் செய்யாது.

மாமா (காலை 8:17): மாப்பிள்ளை, மாத இறுதி வரை பொறுக்கலாம் என்று சொல்கிறீர்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் கார்க் கண்ணாடி மாற்றும் வேலை செய்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன், அது வேண்டாம். பிளாஸ்டிக் தாள் பட்டறைக்குப் போய்ச் சேரும் வரைக்கும்தான். கார் வேகமெடுத்தால் அது படபடவென்று அடித்துக்கொள்ளும். ஒரு பக்கம் பிய்ந்தால் அவ்வளவுதான். பின்பக்கத்தில் வரும் வண்டி அதன் வழியே மங்கலாகத்தான் தெரியும், இரவில் அதுவும் தெரியாது. தடம் மாறும்போது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறோமே, அந்தப் பார்வை போய் விழுவது இந்தக் கண்ணாடியில்தான். பின்கதவுதானே என்று விட்டுவிட முடியாது.

அத்தான் (காலை 8:24): திரும்பிப் பார்ப்பதை நான் யோசிக்கவே இல்லை மாமா. ஆனால் மழை உள்ளே வராதபடி நான்கு பக்கமும் அழுத்தமாகத்தான் ஒட்டியிருக்கிறேன்.

மாமா (காலை 8:26): டேப்பைக் கதவின் பெயின்ட் மேல் ஒட்டியிருக்கிறீர்களா?

அத்தான் (காலை 8:27): ஆமாம். அகலமான பழுப்பு நிற டேப்.

மாமா (காலை 8:34): வெயில் ஏறுவதற்குள் அதை மெதுவாக உரித்துவிடுங்கள். இரண்டு நாள் வெயிலில் காய்ந்தால் பசை பெயின்ட்டில் இறுகிவிடும். உரிக்கும்போது மேல்பூச்சையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும். தடிமனான, ஊடுருவிப் பார்க்கக்கூடிய பாலித்தீன் தாளைக் கதவுச் சட்டத்தின் மேலாகப் போர்த்தி, கதவைச் சாத்திவிட்டால் ரப்பர் பீடிங்கே அதை இறுகப் பிடித்துக்கொள்ளும். டேப் தேவைப்பட்டால் கதவின் உட்புறத்தில் மட்டும் ஒட்டுங்கள்.

நான் (காலை 8:40): மாமா, அந்தக் கதவின் பவர் விண்டோ வேலை செய்கிறதா என்று பட்டனை அழுத்திப் பார்க்கலாமா?

மாமா (காலை 8:43): வேண்டவே வேண்டாம். உதிர்ந்த துகளில் பெரும்பங்கு கதவின் வயிற்றுக்குள்தான் விழுந்திருக்கும். கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரின் கம்பியிலோ தடத்திலோ ஒரு கட்டி சிக்கினால், மோட்டாரையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். யாராவது மறந்து அழுத்திவிடாமல் இருக்கப் பட்டன் மேல் ஒரு துண்டுக் காகிதம் ஒட்டி வையுங்கள்.

சித்தி (காலை 9:02): ஈரத்தைப் பற்றி நான் ஒன்று சொல்கிறேன். எங்கள் பழைய காரில் ஒரு முறை கண்ணாடியைச் சரியாக ஏற்றாமல் விட்டு, இரவு முழுவதும் மழைத் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. இருக்கை மேலே காய்ந்துவிட்டதே என்று நாங்கள் விட்டுவிட்டோம். ஒரு வாரத்தில் கார்க் கதவைத் திறந்தாலே முடைநாற்றம். எனக்குத் தும்மல் நிற்கவே இல்லை.

மாமா (காலை 9:15): அதேதான் தங்கச்சி. மேல்துணி காய்ந்தாலும் இருக்கையின் பஞ்சும், தரைவிரிப்புக்கு அடியில் இருக்கும் தடித்த பஞ்சு விரிப்பும் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். அதைவிட எனக்குக் கவலை, தரையோடு போகும் மின்கம்பிகள்தான். முன்னிருக்கைக்கு அடியில் மஞ்சள் நிறத்தில் ஒரு கனெக்டர் பார்த்திருப்பீர்கள்; அது பல கார்களில் ஏர்பேக் இணைப்பு. அங்கே ஈரம் ஏறிப் பச்சைப் பாசிபோல் களிம்பு பிடித்தால், டேஷ்போர்டில் ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு எரியும். கண்ணாடி உடைந்ததற்கும் அந்த விளக்குக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் உடனே தோன்றாது.

அம்மா (காலை 9:20): தம்பி, குழந்தையின் இருக்கை வலப்பக்கத்தில்தான் இருக்கிறது. அதில் உட்கார வைத்து இன்றைக்குப் பள்ளிக்கு அழைத்துப் போகலாமா?

மாமா (காலை 9:22): கூடாது அக்கா. கண்ணாடி உடையும்போது மறுகதவு வரை தெறிக்கும். வேறு வண்டியில் போகட்டும்.

நான் (காலை 9:23): நான் வந்து அழைத்துப் போகிறேன் அக்கா. இன்னும் பத்து நிமிடத்தில் வாசலில் இருப்பேன்.

அக்கா (காலை 10:06): மாமா சொன்னதும் போய்ப் பார்த்தேன். இருக்கையின் இடுக்கு, குழந்தை இருக்கையின் வார் மடிப்பு, எல்லா இடத்திலும் துகள். நடு இருக்கையின் சீட் பெல்ட்டை மாட்டினால் "டிக்" என்று சத்தம் வருகிறது, ஆனால் இழுத்தால் கழன்று வந்துவிடுகிறது. டார்ச் அடித்துப் பார்த்தபோது, பக்கிளின் வாய்க்குள் கற்கண்டுத் துணுக்கு போல ஒரு கண்ணாடிக் கட்டி உட்கார்ந்திருக்கிறது.

மாமா (காலை 10:11): பார்த்தாயா அம்மா, இதற்காகத்தான் நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். அதைக் குச்சியால் குத்தாதே. இன்னும் உள்ளே போய்விடும். முதலில் எல்லாக் கோணத்திலும் புகைப்படம் எடுத்துக்கொள், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தகவல் சொல். வேலையைத் தொடங்கும் முன்பே சொல்ல வேண்டும் என்பது பல பாலிசிகளில் இருக்கும் நிபந்தனை. அதன் பிறகு தடித்த கையுறை போட்டுப் பெரிய கட்டிகளைப் பொறுக்கிவிட்டு, வாக்குவம் கிளீனரின் ஒடுங்கிய முனையைப் பக்கிள் வாயில் வைத்து உறிஞ்சு. கையால் இருக்கையைத் தடவித் துடைக்காதே. பொடித்துகள் துணிக்குள் ஏறிவிடும். அப்படியும் பெல்ட் ஒரே முறையில் இறுகப் பூட்டவில்லை என்றால், பக்கிளையே மாற்றச் சொல்.

அத்தான் (காலை 10:30): சரி மாமா, மாத இறுதி வரை வைத்திருக்கப் போவதில்லை. நாளைக் காலையே விடுகிறேன். கண்ணாடி ஆர்டர் செய்யப் பட்டறையில் என்ன சொல்ல வேண்டும்?

மாமா (காலை 10:44): மாடல் பெயரும் ஆண்டும் மட்டும் சொன்னால் போதாது. பதிவுச் சான்றிதழில் இருக்கும் 17 இலக்கச் சேசிஸ் எண்ணைக் கொடுங்கள். ஒரே மாடலிலேயே கண்ணாடியின் நிறமும் தடிமனும் மாறும். இடக்கதவுக் கண்ணாடி வலக்கதவுக்குப் பொருந்தாது. உடையாமல் இருக்கும் வலப்பக்கப் பின்கதவுக் கண்ணாடியின் கீழ்மூலையில் சிறிய எழுத்தில் முத்திரை அச்சிட்டிருக்கும். அதையும் படம் எடுத்து அனுப்புங்கள். இருண்ட நிறம் கண்ணாடியிலேயே இருக்கிறதா, மேலே ஒட்டிய படலமா என்பதையும் பார்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் இரு பக்கமும் இரு நிறத்தில் நிற்கும்.

சித்தி (காலை 10:52): எங்களுக்குப் பின்பக்கம் அசையாமல் இருக்கும் முக்கோணக் கண்ணாடியை மாற்றியபோது, உடனே வண்டியை எடுக்க விடவில்லையே அண்ணா. இதற்கும் காத்திருக்க வேண்டுமா?

மாமா (காலை 10:55): பல கார்களில் அந்த முக்கோணக் கண்ணாடி பசையால் ஒட்டப்படுவது, பசை இறுகும் வரை காத்திருக்க வேண்டும். ஏறி இறங்கும் கதவுக் கண்ணாடியைப் பெரும்பாலும் போல்ட் அல்லது கிளிப் போட்டுத்தான் பிடிப்பார்கள். சரியான கண்ணாடி கையில் இருந்தால் ஒன்றிரண்டு மணி நேர வேலை, முடிந்ததும் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம்.

மாமா (காலை 11:08): மாப்பிள்ளை, ஒன்றை மட்டும் பட்டறையில் நின்று பார்த்துக்கொள்ளுங்கள். கதவின் உள்பக்கத்தை மூடியிருக்கும் பலகையை, அதாவது டிரிம்மைக் கழற்றி, அடியில் கிடக்கும் துகளை முழுவதும் உறிஞ்சி எடுத்த பிறகுதான் புதுக் கண்ணாடியை இறக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டில், அவசரப்படுத்திய ஒருவருக்காக நான் மேலோட்டமாகச் சுத்தம் செய்துவிட்டு மாட்டிக் கொடுத்தேன். நான்காம் நாள் அவர் திரும்பி வந்தார். ரப்பர் தடத்தில் ஒட்டியிருந்த ஒரே ஒரு துகள், புதுக் கண்ணாடியின் மேலிருந்து கீழ்வரை நேர்கோடாகக் கீறியிருந்தது. அந்தக் கோட்டின் மேல் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தது இன்னும் நினைவில் இருக்கிறது. கதவின் அடியில் தண்ணீர் வடியச் சிறு துளைகள் இருக்கும்; அவை அடைத்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கதவுக்குள் மழைத் தண்ணீர் இறங்குவது இயல்பு, வடிந்து போகாமல் தேங்குவதுதான் துரு.

சனிக்கிழமை

அத்தான் (காலை 11:20): பட்டறையில் இருக்கிறேன். டிரிம்மைக் கழற்றியதும் மெக்கானிக் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு கைகளாலும் அள்ளும் அளவுக்குக் கண்ணாடி கதவின் அடியில் கிடந்தது. வடிகால் துளைகள் மூன்றில் இரண்டு அடைத்திருந்தன.

மாமா (காலை 11:24): டிரிம்முக்குப் பின்னால் பாலித்தீன் தாள் ஒன்று ஒட்டியிருக்கும். அதைக் கிழிக்காமல் எடுத்து, திரும்பவும் விளிம்பு முழுவதும் ஒட்டச் சொல்லுங்கள். அதை விட்டுவிட்டால், அடுத்த மழையில் தண்ணீர் காருக்குள் வரும்.

அத்தான் (மதியம் 1:05): புதுக் கண்ணாடி மாட்டியாகிவிட்டது. ஆனால் பட்டனை ஒரு தட்டு தட்டினால் முழுவதும் ஏறாமல், பாதியில் நின்று கீழே இறங்கிவிடுகிறது.

மாமா (மதியம் 1:09): பயப்பட வேண்டாம். குழந்தையின் விரல் மாட்டிக்கொண்டால் நிற்க வேண்டும் என்பதற்கான அமைப்பு அது. மேல் எல்லை எது என்பது அதற்கு இப்போது தெரியவில்லை. பல கார்களில் கண்ணாடியை முழுவதும் இறக்கி, பட்டனை மேல்நோக்கிப் பிடித்தபடியே ஏற்றி, மேலே போய்ச் சேர்ந்த பிறகும் சில விநாடிகள் விடாமல் பிடித்திருந்தால் சரியாகிவிடும். சரியான முறை காரின் கையேட்டில் இருக்கும். அப்படியும் நின்றால், ரப்பர் தடத்தில் கண்ணாடி நேராக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

அத்தான் (மதியம் 1:21): இரண்டாம் முறையில் சரியாகிவிட்டது மாமா. பத்து முறை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். உரசல் சத்தம் இல்லை. நடு இருக்கைப் பக்கிளையும் பிரித்துப் பார்த்துவிட்டு, மாற்றிவிடுவதே நல்லது என்றார்கள், மாற்றிவிட்டேன்.

அம்மா (மதியம் 1:25): நல்ல காரியம் செய்தீர்கள் மாப்பிள்ளை.

அக்கா (மாலை 4:40): குழந்தை இருக்கையின் உறையைக் கழற்றி உதறினேன். வார் நுழையும் துளைக்குள் இன்னும் மூன்று துகள்கள் இருந்தன. இருக்கை முழுவதையும் வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நாளை மறுபடி உறிஞ்சி எடுத்த பிறகுதான் மாட்டப் போகிறேன்.

மாமா (மாலை 4:52): அப்படியே செய் அம்மா. கார் ஓட ஓட, முன்னிருக்கைத் தண்டவாளத்திலும் விரிப்பின் ஓரங்களிலும் பதுங்கியிருக்கும் துகள் குலுங்கி மேலே வரும். அடுத்த சனிக்கிழமையும் ஒரு முறை வாக்குவம் போட்டுவிடு. அதுவரை குழந்தை செருப்பைக் கழற்றாமல் ஏறட்டும்.

அக்கா (மாலை 4:54): சரி மாமா.