இடது கைப் பிள்ளைக்குக் கத்தரிக்கோல் பழக்கிய அனுபவம்

என் பையனுக்கு நாலரை வயது. எல்.கே.ஜி.யில் கலர் பேப்பர் வெட்டி ஒட்டச் சொன்னால் இவன் தாள் மட்டும் கசங்கித்தான் வீட்டுக்கு வரும். "கைப்பழக்கம் போதவில்லை" என்று நோட்டில் எழுதி அனுப்பினார்கள். நானும் தினம் சாயங்காலம் உட்கார வைத்துப் பழக்கினேன். ஒரு நாள் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு "எனக்கு வராதும்மா" என்றான், அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

ஊரிலிருந்து வந்த என் அண்ணன்தான் கண்டுபிடித்தார், அவரும் இடது கைக்காரர். நம் வீடுகளில் இருப்பதெல்லாம் வலது கைக்குச் செய்த கத்தரி. வலது கையால் பிடித்தால் விரல் அழுத்தத்திலேயே இரண்டு அலகும் நெருங்கி உரசும். இடது கைக்கு மாற்றினால் அதே அழுத்தம் அலகுகளை விலக்கிவிடும், தாள் நடுவில் புகுந்து மடங்கிக்கொள்ளும். போதாததற்கு, மேல் அலகு வெட்ட வேண்டிய கோட்டையே மறைத்துவிடும். வாங்கும்போது கைப்பிடியைப் பார்க்காதீர்கள், அலகைப் பாருங்கள்: இடது கைக் கத்தரியில் இடப்பக்க அலகுதான் மேலே இருக்கும். புதுசு வாங்கிக் கொடுத்த அன்று முதல் வெட்டே சரக்கென்று விழுந்தது. வெட்டின துண்டைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

பால்வாடி டீச்சர்:
அக்கா, படிக்கும்போதே மனசு நிறைந்துவிட்டது. நான் முதல் மாதம் கத்தரியே கொடுப்பதில்லை. தாளைக் கிழிக்கவும் இடுக்கியால் பஞ்சு எடுக்கவும் விடுவேன். அப்புறம் பழைய கல்யாணப் பத்திரிகை. நியூஸ்பேப்பர் தொளதொளவென்று தொங்கும், பத்திரிகை அட்டை விறைப்பாக நிற்கும். அதை விரல் அகலக் கீற்றாக நறுக்கிக் கொடுத்தால் ஒரே வெட்டில் துண்டு விழும், மூன்று வயதுக்கு அதுவே பெரிய சந்தோஷம். கோட்டின் மேல் வெட்டுவது பெரும்பாலும் நாலு வயதில்தான் வரும், வட்டம் அதற்கும் பிறகு. நிறைய பிள்ளைகள் கட்டைவிரலைக் கீழே திருப்பி முழங்கையைத் தூக்கிக்கொண்டு வெட்டும். அந்த நகத்தில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டி "பொட்டு மேலே பார்க்கணும்" என்பேன், கை தானாகத் திரும்பிவிடும்.

ஒரு அப்பா:
வட்டம் வெட்டக் கத்தரியைச் சுற்ற வேண்டாம், மற்றக் கையால் தாளைச் சுற்றச் சொல்லுங்கள். என் மகள் அதைச் சிங்க முகம் செய்துதான் பிடித்துக்கொண்டாள், பிடரி மயிருக்காகச் சுற்றிலும் சின்னச் சின்ன வெட்டு. ஆனால் பக்கத்திலேயே இருங்கள். நான் போன் பேச எழுந்த இரண்டு நிமிடத்தில் தன் முன்முடியை வெட்டிவிட்டாள், கண்ணுக்குப் பக்கத்தில் அலகு போயிருக்கிறதே என்று இன்றைக்கு நினைத்தாலும் பதறுகிறது.

பதிவு எழுதிய அம்மா:
கேள்வி கேட்கும் முன்பே பதில் தந்த இருவருக்கும் நன்றி.
பொட்டு யோசனையை நேற்றே செய்தேன் டீச்சர், நன்றாக வேலை செய்கிறது. வாசலுக்குத் தோரணம் வெட்டியிருக்கிறான், பதினாலு முக்கோணம், எல்லாம் அவனே. பள்ளியில் இருப்பது வலது கைக் கத்தரிதான் என்பதால் இவனுடையதைப் பெயர் எழுதி, உறை போட்டு, மிஸ் கையில் நேரில் கொடுத்துவிட்டு வந்தேன்.