வீகன் டோனட் இவ்ளோ மெத்துன்னு எப்படி வருது?

பஞ்சுமூட்டை:
வீகன் ஆகி, அதாவது பால், முட்டைன்னு பிராணிகள்ட்ட இருந்து வர்ற எல்லாத்தையும் விட்டு ரெண்டு வருஷம் ஆச்சு, வேற எதுக்கும் இவ்ளோ ஏங்கல, டோனட்டுக்குத்தான் ஏங்கினேன். இப்ப ஒரு பெரிய செயின் கடைல வீகன் டோனட் போட்ருக்காங்கன்னு கேள்விப்பட்டு நேத்து போய் வாங்கினேன். கடிச்சதும் மேல இருக்க சர்க்கரைப் பூச்சு, அந்த கிளேஸ், மெல்லிசா கண்ணாடி மாதிரி நொறுங்கி உள்ள பஞ்சு மாதிரி அமுங்குச்சு பாருங்க, கண்ணு கலங்கிடுச்சு, நிஜமா சொல்றேன். முட்டை இல்லாம இது எப்படிங்க சாத்தியம்? அப்புறம் அதே ஷெல்ஃப்ல கலர் தூவினதெல்லாம் இருந்துச்சு, அதையும் நம்பி சாப்பிடலாமா?

மாவுக்கை:
நான் வீட்ல நிறைய தடவ போட்டு பாத்தவன், அதனால சொல்றேன். ஈஸ்ட் போட்டு உப்ப வைக்கிற டோனட்ல அந்த மெத்துத்தன்மை முக்காவாசி ஈஸ்ட்டும் மைதால இருக்க குளூட்டன்ங்கற புரதமும் குடுக்கறதுதான், முட்டை இல்ல. முட்டை மஞ்சக்கருல லெசித்தின் இருக்கும், எண்ணெயும் தண்ணியும் பிரியாம சேத்து பிடிக்கறது அதுதான், அதே லெசித்தின் சோயால இருந்தும் கிடைக்குது. பாலுக்கு பதிலா சோயா பால் ஊத்துனா நல்லா வரும் ஏன்னா அதுல புரதம் கிட்டத்தட்ட மாட்டுப்பால் அளவுக்கு இருக்கு, பொரிக்கறப்ப பொன்னிறமா செவக்க அந்த புரதமும் உதவும். பாதாம் பால்ல புரதம் கம்மி, எனக்கு அதுல எப்பவும் வெளுப்பாதான் வந்துச்சு. கிளேஸ்ல பெரிய சூட்சுமம்லாம் கிடையாது, ஐசிங் சுகரை தண்ணியிலயே கரைக்கலாம். ஆனா டோனட் சூடா இருக்கறப்பவே மேல ஊத்திடணும், அப்பதான் அந்த மெல்லிசான ஓடு மாதிரி வரும்.

லேபிள்ராணி:
கலர் தூவினதுக்கு கொஞ்சம் நிதானமா இருங்க. பளபளப்புக்கு போடற ஷெல்லாக் அரக்குப் பூச்சி சுரக்கறது, லேபிள்ல ஈ904ங்கற (E904) சேர்க்கைப் பொருள் நம்பரா இருக்கலாம். சிவப்பு, பிங்க் கலர்ல கார்மைன் வரலாம், அது ஈ120, அதுவும் பூச்சிதான். எண்ணெயும் தண்ணியும் பிரியாம சேத்து வைக்க போடற ஈ471னு ஒண்ணு இருக்கு பாருங்க, அதான் குழப்பம், செடில இருந்தும் எடுப்பாங்க மிருகக் கொழுப்புல இருந்தும் எடுப்பாங்க, நம்பரை மட்டும் பாத்து கண்டுபிடிக்க முடியாது, வீகன்னு முத்திரை இருந்தா மட்டும் வாங்குங்க, இல்லன்னா கேட்டுடுங்க. கேக்க கூச்சமே படாதீங்க, நாலு பேர் கேட்டாதான் அவங்களும் ஒழுங்கா எழுதி வைப்பாங்க. ஈஸ்ட் பத்தி சிலர் பயப்படறாங்க, அது பூஞ்சை வகைங்க, மிருகமோ பூச்சியோ இல்ல.

இன்னொண்ணு, இத நான் எல்லாருக்கும் சொல்வேன்: வீட்ல யாருக்காச்சும் பால் அலர்ஜி இருந்தா வீகன்னு போட்ருக்கேன்னு மட்டும் நம்பி குடுத்துடாதீங்க. சேர்மானத்துல பால் இல்லன்னாலும் அதே எண்ணெய், அதே தட்டு, அதே இடுக்கியில பட்டிருக்கலாம். எங்க அக்கா பையனுக்கு ஒரு கடைல அப்படித்தான் ஆச்சு, உதடெல்லாம் வீங்கிப் போச்சு, அன்னிக்கு பட்ட பாடு இப்பவும் மறக்கல.

சூடுபிரியன்:
மிச்சம் இருந்தா ஃப்ரிட்ஜ்ல மட்டும் வைக்காதீங்க, அந்த குளிர்ல ஸ்டார்ச் சீக்கிரம் இறுகி காஞ்ச ரொட்டி மாதிரி ஆயிடும். மறுநாளைக்குன்னா மூடி வெளியவே வைங்க, அதுக்கு மேலன்னா ஃப்ரீசர். சாப்பிடறப்ப மைக்ரோவேவ்ல ஒரு 8 செகண்ட், அவ்ளோதான்.

பஞ்சுமூட்டை:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. ராணி அக்கா, அந்த பிங்க் கலர் டோனட்டதான் நாளைக்கு வாங்கலாம்னு இருந்தேன், மொதல்ல கேட்டுட்டுதான் வாங்குவேன். சூடுபிரியன், மீதி இருந்த ஒண்ண இப்பதான் 8 செகண்ட் வச்சு எடுத்தேன், கிளேஸ் இளகி விரல்லாம் ஒட்டிக்கிச்சு, டைப் பண்றதுக்கு முன்னாடி கை கழுவிட்டு வந்தேன்.