கருவாடு வேண்டாம், மாமி

குழு: குடும்பம் (மூதூர், உப்புவெளி)
வெள்ளிக்கிழமை

மாமா, இரவு 8.05
வஸ்கமுவ தேசியப் பூங்காவில் மகாவலி ஆற்றங்கரை முகாம் கிடைத்துவிட்டது! போயா (பௌர்ணமி) விடுமுறையோடு இரண்டு இரவுகள். வனசீவராசிகள் திணைக்களத்து வழிகாட்டி ஒருவரும் எங்களோடு தங்குவார். காசுக் கணக்கைப் பிறகு போடுகிறேன். ஒருவரும் தப்ப முடியாது.

அக்கா, 8.07
கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகவா மாமா?

மாமா, 8.10
ஆம். தம்புள்ளைக்குப் பிறகு நாவுல, எலஹர. விடியற்காலை 4 மணிக்கு எல்லோரும் உப்புவெளிச் சந்தியில் நிற்க வேண்டும். "இதோ சட்டை போடுகிறேன்" என்று செய்தி அனுப்புகிறவருக்காக வான் நிற்காது. மாலை 6 மணிக்குப் பிறகு காட்டுக்குள் வாகனம் ஓட விடமாட்டார்கள். வெளிச்சத்திலேயே போய்க் கூடாரம் அடித்துவிட வேண்டும்.

அத்தான், 8.14
போன முறை வாடகைக்கு எடுத்த கூடாரத்தில் கம்பி ஒன்று குறைவு. விடியும்வரை நானே கம்பியாக நின்றேன். அதனால் இந்த முறை இன்றே முற்றத்தில் விரித்துப் பார்த்துவிட்டேன்.

அக்கா, 8.15
விரித்தது சரி. மடிக்கத் தெரியாமல் இன்னும் அங்கேயே நிற்கிறது. இரண்டு கோழிகள் குடிபுகுந்துவிட்டன.

மாமி, 8.21
நான் கருவாடு ஒரு கிலோவும் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் ஒரு பெட்டியும் எடுத்து வைத்திருக்கிறேன். இரவில் என் தலைமாட்டில் வைத்துக்கொண்டால் குரங்கு தூக்காது.

நான், 8.22
ஐயோ மாமி, தலைமாட்டில் வேண்டவே வேண்டாம். குரங்கை விடுங்கள், மாம்பழ வாசனைக்கு யானை வரும். கூடாரத் துணி அதற்கு ஒரு வாழையிலை. கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் கூட இருக்கக் கூடாது. சாப்பாட்டை எங்கே வைப்பது என்று வழிகாட்டியிடம் கேட்டு, அவர் காட்டும் இடத்தில் மூடி வைப்போம்.

மாமி, 8.24
யானை கருவாடு தின்னுமா?

நான், 8.24
தின்னாது. ஆனால் சிறுத்தைக்கும் கரடிக்கும் மூக்கு இருக்கிறதே.

தம்பி, 8.25
கரடி உண்மையாகவே இருக்கிறதா?

மாமா, 8.26
வஸ்கமுவ என்ற பெயரே அதிலிருந்து வந்தது என்பார்கள். சிங்களத்தில் வலஸ் என்றால் கரடி.

பெரியப்பா, 8.33
இது பாலைப்பழக் காலம். நீ உதட்டில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு தின்கிறாயே, அதே பழத்துக்காகத்தான் கரடியும் மரம் ஏறும். பகலில் ஜீப்பிலிருந்தே அண்ணாந்து பார், அதிர்ஷ்டம் இருந்தால் தெரியும். இரவில் ஒதுங்கப் போனால் ரோச் லைட்டோடு இருவராகப் போங்கள், பேசிக்கொண்டே போங்கள். திடீரென்று எதிர்ப்பட்டால்தான் அது பயந்து பாயும்.

அக்கா, 8.36
பிள்ளைகள் நீச்சல் உடுப்பெல்லாம் எடுத்து வைத்துவிட்டார்களே, பெரியப்பா.

பெரியப்பா, 8.49
எடுத்ததைத் திருப்பி அலுமாரியில் வையுங்கள். முழங்கால் தண்ணீரிலும் முதலை படுத்திருக்கும். பாத்திரம் கழுவ வாளியில் அள்ளி மேட்டுக்குக் கொண்டுவாருங்கள். அள்ளும்போதும் ஒருவர் பக்கத்தில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.
இன்னொன்று. ஆற்று மணல் பஞ்சு மெத்தை போலத் தெரியும், அதில் கூடாரம் அடிக்காதீர்கள். ஆனி ஆடியில் எங்கள் பக்கம் மண் வெடித்துக் கிடக்கும். அதே நாட்களில் மலைநாட்டில் தென்மேற்குப் பருவமழை கொட்டும். மேலே விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தம்பே என்று அணைகள் இருக்கின்றன. கதவைத் திறந்தால், உங்கள் தலையில் ஒரு துளி விழாமலே ஆறு ஏறும். பழைய வெள்ளத்தின் சருகும் குப்பையும் கரை மரங்களில் எந்த உயரத்தில் சிக்கியிருக்கின்றன என்று பாருங்கள். படுக்கை அதற்கு மேலே.

மாமா, 8.51
மூதூர் அத்தான், முகாம் இடத்தைத் திணைக்களமே குறித்துத் தந்திருக்கிறது.

பெரியப்பா, 8.52
குறித்த இடத்துக்குள்ளும் மேடு பள்ளம் உண்டு. நீர்ப்பாசனத்தில் வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

மாமா, 8.52
சரி, சரி. மேட்டில்தான் படுப்போம்.

தம்பி, 8.55
அந்த ஆறுதானா மூதூருக்கு வருகிறது?

பெரியப்பா, 8.57
அதேதான். 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக்குடாவில் விழுகிறது. இங்கே வரும்போது கங்கைப் பாலத்தில் கடக்கிறாயே, அதன் கீழே ஓடுவதும் அதுதான்.

தம்பி, 8.58
அப்படியானால் ஒரு போத்தலில் கடிதம் போட்டு விடுகிறேன். நீங்கள் பாலத்தில் நின்று பிடியுங்கள்!

மாமா, 8.59
போத்தலும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கொண்டுபோகும் குப்பை ஒவ்வொன்றையும் நாங்களே திருப்பிக் கொண்டுவர வேண்டும்.

மாமி, 9.06
மாம்பழத்தை நாளைக்கே வெட்டிப் பங்கு போடுகிறேன், எல்லோரும் வீட்டுக்கு வாருங்கள். கருவாட்டுக்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள். முகாமில் பருப்பும் ரொட்டியும் சம்பலும்தானா?

நான், 9.07
அதுவே விருந்து, மாமி.

பெரியம்மா, 9.20
கருவாட்டை எங்களுக்கு அனுப்பிவிடு. ஆற்றில் அல்ல, பஸ்ஸில்.