கேமரா இல்லாமல் அம்மாவின் நலத்தைக் கவனிக்க வழி உண்டா?

கேள்வி:
மேற்கு மாம்பலத்தில் 78 வயதான என் அம்மா தனியாக வசிக்கிறார். நான் பெங்களூரில் இருக்கிறேன். சென்ற மாதம் இரவில் குளியலறையில் வழுக்கி விழுந்தவர், காலையில் பால்காரர் குரல் கொடுக்கும்வரை ஈரத் தரையிலேயே கிடந்திருக்கிறார். கேமரா பொருத்தலாம் என்றதற்கு, "நான் புடவை மாற்றுவதையுமா பார்க்க வேண்டும்?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்தான். வேறு வழி உண்டா?

பதில் 1:
உண்டு. என் அப்பாவின் வீட்டில், ஆள் நடமாட்டத்தை உடல் வெப்பத்தால் அறியும் அகச்சிவப்பு சென்சாரைக் கூடத்திலும், காந்த சென்சாரை ஃபிரிட்ஜ் கதவிலும் பொருத்தியிருக்கிறோம். அவர் ஆறு மணிக்குக் காபிக்குப் பால் எடுப்பவர். ஏழு மணிவரை அந்தக் கதவு திறக்கப்படாவிட்டால் எனக்கும் எதிர்வீட்டாருக்கும் தகவல் வந்துவிடும். குளியலறைக்கு, ரேடியோ அலைகளால் ஆள் அசைவை அறியும் ரேடார் சென்சார் ஏற்றது. அது படம் எடுப்பதில்லை. கழுத்தில் தொங்கும் அவசரப் பொத்தானை மட்டும் நம்பியிருக்காதீர்கள். குளிக்கப் போகும்போது பெரும்பாலோர் அதைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுகிறார்கள்.

பதில் 2:
இப்படிப்பட்ட சென்சார்களின் தகவல் இணையம் வழியாக வருவதால், மின்வெட்டின்போதும் இணையம் இயங்க ரவுட்டருக்குத் தனி பேட்டரி அவசியம். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் பகுதியில் மின்சாரம், இணையம், அலைபேசி மூன்றுமே போய்விட்டன; மாற்றுச் சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டு அக்காதான் என் மாமியாரைப் போய்ப் பார்த்தார். முதியோர் உதவி எண் 14567, ஆம்புலன்ஸ் எண் 108 இரண்டையும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைபேசி அருகே ஒட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ஃபிரிட்ஜ் கதவு யோசனைக்கு அம்மா சம்மதித்துவிட்டார். குளியலறைக் கைப்பிடிகளை இந்த ஞாயிறே பொருத்துகிறோம்.