சைக்கிள் சக்கரத்த சுத்தவிட்டு சிஎஃப்டி (காத்தோட்டத்த கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறது) ஓட்டுனவங்க அனுபவம் சொல்லுங்க

நானே ஆரம்பிக்கிறேன். ரேஸ் சைக்கிள்ல ஃப்ரேம், ஹேண்டில்பார் எல்லாம் மெஷ் போட்டா, அதாவது சுத்தியிருக்க காத்த சின்னச் சின்ன செல்லா பிரிச்சா, அதுபாட்டுக்கு ஓடிரும், உயிரை வாங்குறது சக்கரம்தான். நான் வச்ச வேகம் நொடிக்கு 15 மீட்டர், அதாவது மணிக்கு 54 கிமீ, அதுக்கு 700சி சைஸ் சக்கரம் நிமிஷத்துக்கு சுமார் 430 சுத்து சுத்தணும். டயரோட உச்சில ரப்பர் காத்த எதுத்துக்கிட்டு போகுது, அங்க ரெண்டுக்கும் நடுவுல வேகம் நொடிக்கு 30 மீட்டர், கீழ தரைய தொடுற இடத்துல டயரும் ரோடும் சேர்ந்தே பின்னாடி போகணும், அதனால தரையையும் நகர்த்தாம சக்கரத்த மட்டும் சுத்தவிட்டா பிரயோஜனமே இல்ல.

டயர், ரிம்முக்கு ரொட்டேட்டிங் வால் குடுத்தா போதும், அதாவது மெஷ்ஷ நகர்த்தாம மேற்பரப்புக்கு மட்டும் சுத்துற வேகம் குடுக்குறது. ஸ்போக்கே இல்லாம மூடின டிஸ்க் வீல்னா இன்னும் நிம்மதி. ஸ்போக்குக்கு அது செல்லாது, ஏன்னா மெஷ்ல ஸ்போக் நின்ன இடத்துலயே நிக்குது, அது மேல வேகத்த மட்டும் எழுதிவச்சா காத்து ஸ்போக்க துளைச்சுக்கிட்டு போற மாதிரி கணக்காயிடும். அதான் ஸ்போக்க சுத்தி வட்டமா ஒரு பகுதி பிரிச்சு எம்ஆர்எஃப் (மூவிங் ரெஃபரன்ஸ் ஃப்ரேம், அந்தப் பகுதிய மட்டும் சக்கரத்தோட சேர்ந்து சுத்துற பார்வைல கணக்கு போடுறது) போட்டேன், சக்கரத்த புடிச்சிருக்க ஃபோர்க் அதுக்குள்ள வராம ஒதுக்குறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. ஆனா ஒரு ஸ்போக் ஃபோர்க்குக்கு நேரா நின்னா ஒரு டிராக் (காத்து பின்னாடி இழுக்குற விசை), தள்ளி நின்னா வேற டிராக். எத நம்புறது?

பதில் 1:
எம்ஆர்எஃப்ல சக்கரம் நிஜமா சுத்தலையே, அப்படியே உறைஞ்சுல்ல நிக்குது, அதான் அப்படி வருது. மாடல் மாடலா ஒப்பிட ஓகே, கடைசி நம்பருக்கு ஸ்லைடிங் மெஷ்தான், அதுல சக்கரப் பகுதியோட மெஷ்ஷே ஸ்டெப் ஸ்டெப்பா நிஜமா சுத்தும். ஸ்டெப்புக்கு 1 டிகிரி வச்சா டைம்ஸ்டெப் 0.0004 நொடிகிட்ட வரும், முதல் சில சுத்த தூக்கிப் போட்டுட்டு மிச்சத்துக்கு சராசரி எடுங்க. ராத்திரி போட்டா காலைலயும் ஓடிக்கிட்டு இருக்கும், பழகிக்கணும் 😄 டயர் தரைய தொடுற மூலைல செல் ஊசி மாதிரி நசுங்கி சால்வர் (கணக்கு போடுற புரோகிராம்) தாறுமாறா போய் நின்னுருதா? டயர துளியூண்டு தரைக்குள்ள அமுக்கிருங்க, நான் அப்படித்தான் தப்பிச்சேன்.

பதில் 2:
டிராக்க மட்டும் வச்சு ரெண்டு வீல ஒப்பிடாதீங்க ப்ரோ. சக்கரத்த காத்துல சுத்த வைக்கிறதுக்கே தனியா பவர் போகுது. ஹப் அச்சுல மொமென்ட் எடுத்து கோண வேகத்தால பெருக்குங்க, உங்க கேஸ்ல நொடிக்கு 45 ரேடியன், அதையும் டிராக் பெருக்கல் வேகத்தையும் கூட்டுனாதான் மொத்த வாட்ஸ். ஒரு வீல் டிராக்ல ஜெயிச்சு இதுல கோட்டை விட வாய்ப்பு இருக்கு. அப்புறம் பெரிய பங்கு ஓட்டுறவர் உடம்போடது, அவர ஏத்தாம சைக்கிள மட்டும் ஓட்டுனா பின் சக்கரத்துக்கு வர்ற காத்தே வேற.