பழைய வெசல் கார் வாங்கலாமா? சிஓஇ (சிங்கப்பூர்ல கார் வச்சுக்க வாங்குற 10 வருஷ உரிமம்) முடிய 3 வருஷம்கூட இல்ல

அண்ணே, அக்கா எல்லாருக்கும் வணக்கம். ரெண்டாவது புள்ள பொறந்திருக்கு, அம்மாவும் சிங்கப்பூர் ஈசூன்ல எங்ககூடதான் இருக்காங்க, அதனால 1.5 பெட்ரோல் ஹோண்டா வெசல் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். நம்பி வாங்கலாமா, செலவு எவ்ளோ இழுக்கும்?

> தம்பி, விலைய மட்டும் பாக்காதீங்க. வாங்குற விலையில பார்ஃப் தொகைய (கார ஸ்கிராப் பண்ணும்போது அரசு திருப்பிக் குடுக்குற காசு) கழிச்சு, சிஓஇல மிச்சமிருக்குற மாசத்தால வகுங்க, அதுதான் மாசாமாசம் கரையிற காசு. இந்த மாதிரி பழைய கார 9 வருஷம் தாண்டி 10 முடியறதுக்குள்ள ஸ்கிராப் பண்ணா ஏஆர்எஃப்ல (கார் பதிவு பண்ணப்போ கட்டுன கூடுதல் கட்டணம்) பாதி வரும், ஆனா சிஓஇ புதுப்பிச்சா அது மொத்தமா போச்சு, அதோட 10 வருஷத்துக்கப்புறம் ரோடு டாக்ஸும் வருஷாவருஷம் 10% ஏறி 50% வரைக்கும் போகும். இப்போதைக்கு 1496 சிசிக்கு ரோடு டாக்ஸ் வருஷம் 682 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கிட்ட.

> பெட்ரோல்னா சிவிடி (படி இல்லாம தானா மாறுற) கியர்பாக்ஸ், நிம்மதி. ஹைப்ரிட்ல 7 ஸ்பீட் டூயல் கிளட்ச், 2014ல ஜப்பான்லயே கோளாறுன்னு கம்பெனியே அந்தக் கார்கள சரிபண்ண திரும்பக் கூப்பிட்டாங்க. சிவிடி ஆயில் எப்ப மாத்துனாங்கன்னு பில்லு கேளுங்க. காலையில இஞ்சின் ஆறியிருக்கும்போது நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க, இஞ்சின முன்னாடியே சூடாக்கி வச்சு, கோளாறு தெரியாம ஒருத்தர் எனக்கு வித்துட்டாரு, அந்த வலி இன்னும் போகல.

> ரொம்ப நன்றிண்ணே. பில்லு இல்லன்னா விட்டுடறேன்.